சர் சாமுவேல் பேக்கர்: வேட்டையும் குண்டும்

நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்றவர் என்றும், ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியருள் முதற்கண் கண்டவர் என்றும் சர் சாமுவேல் ஒயிட் பேக்கர் என்னும் ஆங்கிலப் பெரியாரைப் பள்ளிப் பூகோள நூல்கள் இரண்டொரு வரியிற் கூறி அமையும். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி காடுகளிற் கழிந்ததென்பதும், யானை, காட்டெருமை, புலி முதலிய கொடு விலங்குகளுக்கு எத்தகைய குண்டு ஏற்றது என்னும் ஒரு வினாவை ஏறக்குறைய ஐம்பதாண்டு விடாது ஆராய்ந்தவர் அவர் என்பதும் நம்மவர் பலர் அறியாதன. பெரிய விலங்கை வீழ்த்தப் பெரிய குண்டே போதுமன்றோ என்று நம் சங்கத்து இளைஞர் சிலர் எம்மை வினவியதுண்டு. அதற்கு விடை பேக்கருடைய வரலாற்றிலேயே இருத்தலின் அதனை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுந்தோம். கொல்லாமை நோன்புடைய அன்பர் சிலர்க்கு இக்கட்டுரை கசத்தல் கூடும். எமக்கும் வேட்டையில் விருப்பமில்லை. ஆயினும், ஒருவர் தாம் செய்யும் தொழிலை எவ்வளவு கூர்ந்து நோக்கினார் என்பதைக் காண்டற்கு அவர் தொழிலை நாம் மேற்கொள்ள வேண்டுவதில்லை.

பேக்கர் 1821-ஆம் ஆண்டு சூன் மாதம் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பெருஞ் செல்வர்; மேலை இந்தியத் தீவாகிய சமெய்க்காவிலும் மொரீசுத் தீவிலும் கரும்புத் தோட்டங்கள் உடையவர். இளைஞர் பேக்கருக்குக் கணக்கர் மேசையில் மனஞ் செல்லவில்லை. 1843-ஆம் ஆண்டு ஒரு பாதிரியாரின் மகளாரை மணந்தார். அவர் தம்பியார் சானும் அப்பெண்ணின் உடன்பிறந்தாளை அதே நாளில் மணந்தார். பின்னர் மொரீசுத் தீவிலுள்ள தோட்டத்தைப் பார்த்து வரச் சென்றவர், அங்கே காடு சிறிது, விலங்கும் சிறிது என்று சலித்து, இலங்கையின் யானைக் காடுகளைப் பற்றிக் கேள்வியுற்று அங்கே கப்பலேறினார்.

இலங்கைக்குப் போகுமுன்னரே அவர் ஒன்று செய்திருந்தார். பிரிசுட்டல் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லராகிய கிப்சு என்பவரிடம் 1840-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு துப்பாக்கி செய்வித்தார். அதன் எடை 21 இராத்தல், அஃதாவது ஒன்பதரைக் கிலோகிராம். குழலின் நீளம் 36 அங்குலம். குழலினுள்ளே திருகாகச் செல்லும் வரிப்பள்ளம் இரண்டு. அதிலிடும் உருண்டைக் குண்டு மூன்று அவுன்சு. கூம்பிய குண்டு நாலு அவுன்சு, அஃதாவது 113 கிராம். ஒரு முறைக்கு இடும் மருந்து ஒரு முழு அவுன்சு. அக்காலத்து ஆங்கிலேயர் பெரும்பாலும் சுமந்து திரிந்தவை வரிப்பள்ளமில்லாத வழுக்குக் குழல் துப்பாக்கிகள். அவற்றுள் 16-ஆம் எண் என்பது மிகுதியாக வழங்கியது. இவ்வெண் கணக்கை அறியாதார்க்கு விளக்குவோம்: ஓரிராத்தல் ஈயத்தைப் பதினாறு சம பங்காக்கி உருட்டினால் வரும் உருண்டை எந்தக் குழலில் பொருந்துமோ அது 16-ஆம் எண் குழல். ஆகவே எண் சிறுகச் சிறுகக் குண்டு பெருகும். பதினாறாம் எண்ணின் குண்டு ஓரவுன்சு. பேக்கருடையதோ அதனின் மூன்று மடங்கும் நான்கு மடங்கும். இருபது வயதும் நிரம்பாத ஓர் இளைஞர், யானையையே கண்ணாற் காணாத நிலையில், இவ்வளவு பெருங் கருவியைச் செய்வித்ததைக் கண்டு நகைத்தாரும் இருந்திருப்பர். அவர் நினைந்தது தவறன்று என்பதை மின்னேரியா ஏரிக்கரை காட்டியது.

மின்னேரியா என்பது இலங்கையின் வடமத்திய பாகத்தில் பண்டையரசர் கட்டிய பேரேரி. அதன் கரைப் புல்வெளியில் அந்நாளிற் காட்டெருமைகள் மந்தை மந்தையாக மேய்ந்தன. இலங்கைக்கு வந்த புதிதில் பேக்கர் அங்கே துணைவர் ஒருவரோடு வேட்டைக்குச் சென்றார். அன்று அவர் கையிலிருந்தது இலேசான துப்பாக்கி. எருமை என்றால் நம் வீட்டு எருமை போலச் சோம்பியிருக்கும் என்று எண்ணினார் போலும்! அடிபட்ட கடா ஒன்று திரும்பி நின்றது. அதன் மார்பிற் குண்டுகள் பல பாய்ந்து குருதி வடிந்துகொண்டிருந்தது; அது வீழவில்லை. குண்டுகளோ தீர்ந்துபோயின. ஆழமில்லாத நீரிலே அவ்விலங்கு அடிமேலடி வைத்து அவரை நோக்கி வரலாயிற்று. ஓடினால் பின்தொடரும், ஏறிக்கொள்ள மரமும் இல்லை. அவ்வமயம் பேக்கர் தம் சட்டைப் பையிற் கையிட்டார். சில்லறை வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. அவற்றைத் துணியிற் சுருட்டிக் கட்டி, இருமடங்கு மருந்திட்ட குழலில் இடித்து இறக்கிக்கொண்டு, அசையாது நின்றார். எருமை பாய்ந்தது. கைக்கெட்டும் தொலைவிற்கு வருமளவும் காத்திருந்து நெற்றியிற் சுட்டார். அக்காசு மூட்டையின் அடியாலே அது தலைகீழாய் உருண்டது. இறந்ததா என்று பார்க்க நிற்காமல் இருவரும் ஓடிப் பிழைத்தனர்.

இக்கதையைக் கேட்பார் பேக்கருடைய நெஞ்சுரத்தையே பாராட்டுவர். அது பாராட்டத் தக்கதே. ஆயினும் யாம் கருத வேண்டுமென விரும்புவது வேறொன்று. அவ்வெருமையின் மார்பிற் பாய்ந்த குண்டுகள் ஏன் பயன்படவில்லை? அவை தோலையும் தசையையும் துளைத்தன. நெஞ்சாங்குலையையோ நுரையீரலையோ சென்று சேரவில்லை. மென்மையான ஈயவுருண்டை எலும்பிற் பட்டதும் பணியாரம் போல் தட்டையாகி நின்றுவிடும்; பின்னே தள்ளுதற்கேற்ற கனமும் அதற்கில்லை. ஆகவே விலங்கிற்கு வேதனையும் சினமும் மிகுந்தனவேயன்றி வலிமை குறையவில்லை. பின்னர் அதே ஏரிக்கரைக்கு அவர் தம் கனத்த துப்பாக்கியோடு சென்றபோது, நெடுந்தொலைவில் நின்ற எருமைகளும் அதன் குண்டிற்கு வீழ்ந்தன. அது முதல், தாம் எதிர்ப்படும் விலங்கு ஒவ்வொன்றற்கும் குண்டின் எடை, வன்மை, மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் எண்ணாமற் புறப்படுவதில்லை என்பதை அவர் வழக்கமாக்கிக் கொண்டார்.

இலங்கையிற் காய்ச்சலுற்று மெலிந்த பேக்கர், உடல் தேறும்பொருட்டு நுவரேலியா மலைக்குச் சென்றார். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அக்குளிர் நாடு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1848-ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆங்கிலக் குடியேற்றம் அமைப்பதென்று துணிந்து, உழவர், கருமார், ஆடுமாடுகள், வேட்டை நாய்கள், கலப்பைகள் என்றிவற்றையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். உயர்ந்த சாதிப் பசுவொன்று மலையேறும் வழியிலேயே மாண்டது. உருளைக்கிழங்கைப் புழுவும், புல்தானியங்களைக் காட்டு விலங்குகளும் தின்றன. இருந்தும் அவர் தளர்ந்தாரல்லர். காப்பித் தோட்டங்களின்பொருட்டு நம் தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாய் நடந்து, ஆயிரக்கணக்காய் மலையேறிய காலமும் அதுவே. அவ்வழி முழுதும் யானைக் காடு. வெள்ளைத் துரைமார் அரைகுறையாய்ச் சுட்டு விட்டுப்போன யானை, மறுநாள் அவ்வழியே மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் நடப்பாரை எதிர்ப்படின் என்னாகும் என்பதை நினைத்துப் பார்க்க. குண்டைத் தேர்வது வேட்டைக்காரர்தம் வீண் ஆசையன்று, பிறருயிர் பற்றிய செய்தி என்று யாம் கூறுதற்கு இஃதொரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. வாய்வழி மருந்திடும் அத்துப்பாக்கியை ஒருமுறை சுட்டால் மீண்டும் நிரப்ப நெடுநேரமாகும். ஆதலின் பேக்கருக்குப் பின்னே நாலைந்து பேர் நிரப்பிய துப்பாக்கிகளைச் சுமந்து வருவர். யானைக்குப் பத்தடி இருபதடி அளவில் அவர் நிற்பார். அவருக்கு ஒருசாண் பின்னே, தன் கையிலுள்ள துப்பாக்கியைத் தான் சுடுதற்கில்லாத ஏழையொருவன் நிற்பான். துரையின் குண்டு பழுதாயின், முதலில் மிதிபடுபவன் அவனாகவும் இருக்கலாம். அவர்களிற் பலர் யானை பாயும்போது துப்பாக்கியோடு ஓடிவிட்டனர் என்று பேக்கர் குறைபட்டு எழுதியுள்ளார். ஓடியவரை யாம் குறைகூறமாட்டோம். நாளுக்குச் சில காசு கூலிக்கு உயிரை நிறுத்திக்கொண்டு நிற்பார் யாவர்? பேக்கரும் ஒருமுறை யானையொன்றால் தொடையில் மோதுண்டு புல்லுள் எறியப்பட்டார். அது தம்மைத் தேடித் துழாவிய பொழுது அசையாது கிடந்து தப்பினார்.

இலங்கை யானைகளை அவர் பெரும்பாலும் மத்தகத்திலே சுட்டு வீழ்த்தினார். அதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் ஆண்யானைகளுள்ளும் கொம்பன் மிக அரிது. தந்தத்தின் வேரைத் தாங்குதற்குரிய பருத்த எலும்பு அவற்றின் முகத்தில் இல்லை. தலையை உயர்த்திப் பாயும் யானையின் நெற்றியில், துதிக்கையின் அடிக்கு மேலே, உரிய இடமறிந்து சுட்டால் குண்டு நேரே மூளையை அடையும். யானை நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து வீழும். மத்தகத்தைக் குன்றென்று கூறுதல் புலவர் மரபு. ஆனால் அக்குன்றின் பெரும்பகுதி தேனடை போல் கண்ணறைகள் நிறைந்த இலேசான எலும்பே. அதனுள்ளே மூளை இருக்கும் இடம் சிறிது. ஆகவே பேக்கர் இலங்கைக்குப் பரிந்துரைத்தது நாலவுன்சுப் பெருங்குண்டை அன்று. இரட்டைக் குழலுடைய 10-ஆம் எண் துப்பாக்கிகள் நான்கு வைத்துக்கொள்வதே நலம் என்பது அவர் முடிபு. அதன் குண்டு ஒன்றரை அவுன்சுக்குச் சிறிது கூடுதல். தாம் செய்வித்த பெருங் கருவியைத் தாமே பின்னுக்குத் தள்ளிய நேர்மை இங்கே காணத்தக்கது.

அவர் கொன்றவை மிகப் பல. அரசினரே யானையைப் பயிர்க்குப் பகையென்று கருதித் தலைக்கு இவ்வளவு எனப் பரிசு கொடுத்த காலம் அது. மேசர் உரோசர்சு என்னும் படைத்தலைவர் ஒருவர் ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளைக் கொன்று, 1845-ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். அவரோடு ஒப்பிடப் பேக்கர் அளவினுள் நின்றவரே எனினும், ஒரே நாளில் ஒரு மந்தை முழுதையும் வீழ்த்தியதை அவர் மகிழ்ந்து எழுதும் பகுதிகளை யாம் படிக்குந்தோறும் நூலை மூடி வைக்கவே தோன்றுகிறது. சாம்பர் என்னும் பெருமானை நாய்களை விட்டு மடக்கிக் கத்தியாற் குத்தி வேட்டையாடிய செய்திகளும் அந்நூல்களிற் பல. ஆர்ட்டன் சமவெளியில் உள்ள அருவியொன்று பேக்கர் அருவி என்றே இன்றும் வழங்குகின்றது.

நோயும் குழந்தைகளின் இறப்பும் சேர்ந்து 1855-ஆம் ஆண்டில் அவரை இலங்கையை விட்டு நீங்கச் செய்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே மனைவியார் பிரான்சு நாட்டில் காய்ச்சலால் இறந்தார். பெண்மக்கள் நால்வரையும் தம் தமக்கை தங்கையர் காவலில் விட்டுச் சிலகாலம் மனமுடைந்து திரிந்தார். 1859-ஆம் ஆண்டில், அக்காலத்துத் துருக்கிய ஆட்சிக்குட்பட்ட விதின் நகரத்திலே, அடிமையாக விற்கப்பட இருந்த புளோரன்சு என்னும் இளம்பெண்ணை மீட்டார். அவ்வம்மையார் பின்னர் அவர் வாழ்க்கைத் துணைவியாகி, ஆப்பிரிக்கப் பயணம் முழுதும் உடன் சென்றார். காய்ச்சலில் நினைவிழந்தும், உடன்வந்த ஆட்கள் கலகஞ் செய்தபொழுது இடையிற் புகுந்து அமைதி செய்தும் அவர் பட்ட பாடுகளைக் கூறின் அதுவே தனிக் கட்டுரையாம்.

1861-ஆம் ஆண்டு நைல் நதி வழியே புறப்பட்ட பேக்கர், முதலோராண்டு அபிசீனிய எல்லையிலுள்ள அத்பரா முதலிய கிளையாறுகளை ஆராய்ந்தார். இங்கேதான் அவருடைய குண்டறிவு பெருஞ் சோதனைக்கு உட்பட்டது. இலங்கையிற் பழகிய கை, ஆப்பிரிக்க யானையையும் மத்தகத்திலே சுட்டது. யானை வீழவில்லை! மீண்டும் சுட்டார், மீண்டும் அவ்வாறே. குண்டு அதே, மருந்து அதே, சுட்ட கையும் அதுவே. மாறியது விலங்கின் தலை. ஆப்பிரிக்க யானையின் நெற்றி பின்னோக்கிச் சரிந்து குவிந்திருக்கும். ஆண் பெண் இரண்டிற்கும் பெருந் தந்தங்கள் உண்டு. அவற்றின் வேர்களைத் தாங்கும் எலும்புத் திரள் மூளைக்கு முன்னே மதில்போல் நிற்கின்றது. இலங்கையில் நேரே மூளைக்குச் சென்ற வழியில் இங்கே குண்டு சென்றால், அது மூளைக்கு மேலேயோ எலும்புத் திரளினுள்ளேயோ சென்று அடங்கிவிடும். பல தோல்விகளுக்குப் பின், ஆப்பிரிக்க யானைக்கு நெற்றிக் குறி தகாது. தோளின் பின்புறமும், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட கன்னப்பொறியுமே குறியாதல் வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு நாட்டில் மெய்யாயிருந்தது மற்றொரு நாட்டிற் பொய்யாயிற்று. தமக்குப் பதினைந்தாண்டு கைகொடுத்த முறையைக் கைவிட அவர் நாணவில்லை.

குண்டின் வன்மையையும் அங்கே திருத்தினார். தனி ஈயம் எலும்பிற் பட்டு நசுங்குதலின், ஒன்பது பங்கு ஈயத்தில் ஒரு பங்கு பாதரசம் கலந்து குண்டு வார்த்தார். பாதரசத்தைப் பெரிய ஈயக் கொப்பரையில் ஒருங்கே கொட்டினால் அது ஆவியாகிப் போய்விடும். ஆகவே காய்ந்துருகிய ஈயத்தைக் கரண்டி கரண்டியாய் எடுத்து, அக்கரண்டியளவிற்கே பாதரசம் விட்டு, இரும்புக் கோலாற் சட்டெனக் கலக்கி, மூன்று நான்கு குண்டுகளாக வார்ப்பது அவர் கண்ட முறை. ஆப்பிரிக்க யானையின் நெற்றியில் அவர்க்கு ஒருமுறை வாய்த்த வெற்றியும் இத்தகைய வன்குண்டினாலேயே. நம் வீட்டுச் சிறுவர் எவரும் இதனைப் படித்துவிட்டுப் பாதரசத்தை அடுப்பிலேற்றக் கருதவேண்டா. அவ்வாவி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் கொடு நஞ்சு. அவ்வாவியைத் தாமும் ஆட்களும் எவ்வளவு முகர்ந்தனரோ!

அப்பயணத்தில் அவர் கொண்டுசென்ற மற்றொரு கருவியையும் கூறாமலிருத்தல் ஆகாது. இலண்டன் ஆலந்து என்பார் செய்த அவ்வொற்றைக் குழல் துப்பாக்கிக்கு அவர் விளையாட்டாக இட்ட பெயர் குழந்தை என்பது. உடன்வந்த அராபியர் அதனைப் பீரங்கியின் பிள்ளை என்று பொருள்படும் தம் மொழியால் அழைத்தனர். அதன் குண்டு அரையிராத்தல், அஃதாவது 227 கிராம். உள்ளே மருந்து அடைத்து வெடிக்கும்படி அமைத்தது. அதனைச் சுட்டால் எதிரே உள்ள விலங்கு வீழும் என்பது உறுதி. சுடுபவரும் நின்ற இடத்தில் நில்லார் என்பதும் ஏறக்குறைய உறுதி! நெடிய திண்ணிய உடல் படைத்த பேக்கரையே அது சுழற்றித் தள்ளிற்று. அதனைச் சுடுதற்கு அஞ்சினதாக அவரே ஒப்புகின்றார். மிக அருகியே எடுத்தார். இளைஞர் வினாவுக்கு இதனினும் நல்ல விடை வேண்டுமோ? குண்டு பெரிதாகலாம், ஆனால் சுடும்முன்னரே தோள் நடுங்குமாயின் குறி எங்கே நிற்கும்? தாங்கத் தகும் கருவியே தகுந்த கருவி.

அந்நாட்டில் ஆம்ரான் என்னும் அராபியக் குடியினர் குண்டும் மருந்துமின்றியே யானை வேட்டையாடுதலையும் பேக்கர் கண்டார். ஒருவன் குதிரைமேல் யானையின் முன்னே ஓடி அதன் சினத்தைத் தன்மேல் ஈர்ப்பான். மற்றொருவன் பின்னே பாய்ந்து வந்து, குதிரையினின்றும் குதித்து, நீண்ட வாளால் அதன் பின்காற் குதிநரம்பை ஒரே வீச்சில் அறுப்பான். யானை பிறகு ஓரடியும் நகராது. அவர்களுள் ஒருவனுக்கு ஒரு கை சூம்பியிருந்தும் அவனே முன்னின்று யானையை ஈர்ப்பவன். துப்பாக்கியை மட்டுமே நம்பிய வேட்டையர் யாவரினும் இவர்களையே பேக்கர் மேலாக மதித்தார். ஓரிடத்தை அறிந்து அவ்விடத்தையே தாக்குதல் என்னும் நெறி வாளுக்கும் குண்டுக்கும் ஒன்றேயாதலின் அம்மதிப்பு இயல்பே.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுதும். 1863-ஆம் ஆண்டு கொண்டகொரோ என்னுமிடத்தில் இசுப்பீக்கு, கிராண்டு என்னும் பயணிகளைச் சந்தித்து, அவர்கள் கூறிய குறிப்புக்கொண்டு தெற்கே சென்று, 1864-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் பெருநீர்ப் பரப்பொன்றைக் கண்டு அதற்கு ஆல்பர்ட் என்று பெயரிட்டார். அங்கு வாழ்ந்த மக்களுக்கு அது தொன்றுதொட்டு அறிந்த ஏரியே என்பதை நாம் மறத்தலாகாது. 1866-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1869 முதல் 1873 வரை எகிப்து மன்னர் இசுமாயில் அவரைத் தெற்கு நைல் நாட்டின் ஆளுநராக்கி, அடிமை வாணிகத்தை ஒழிக்குமாறு படையோடு அனுப்பினார். அவ்வேலையை அவர் முயன்று செய்தார். ஆயினும் அடிமை வாணிகம் ஒழிந்துவிடவில்லை. எகிப்தின் ஆட்சியை அந்நாட்டு மக்கள்மேல் துப்பாக்கி முனையிற் சுமத்தியதும் அவ்வேலையிற் கலந்திருந்தது. பின்னர் இங்கிலாந்தில் தெவன் நாட்டில் வீடமைத்துக்கொண்டு, குளிர்காலந்தோறும் சைப்பிரசு, எகிப்து, இந்தியா எனப் பயணஞ் செய்து வந்தார்.

முதுமையில் அவர் இந்தியாவுக்கு வந்து மத்திய மாகாணக் காடுகளிலும், பிரமபுத்திரா ஆற்றின் நாணற் காட்டுத் திட்டுகளிலும் புலி வேட்டையாடினார். அதற்குள் துப்பாக்கி பெரிதும் மாறிவிட்டது. பின்வழித் தோட்டா வந்துவிட்டது. விரைந்து செல்லும் இலேசான குண்டு, நுனியிற் குழிவுடையது, எங்கும் புகழப்பெற்றது. பேக்கர் அதனை ஒப்பவில்லை. சுவரில் எறிந்த சுண்ணாம்புக் கட்டி போல அக்குண்டு புலியின் தோளெலும்பிற் பட்ட அளவிலே தூளாகிவிடும். மேலே கோரமான புண் உண்டாகும். உள்ளே உயிர்நிலை தீண்டப்படாது. புண்பட்ட புலி நாணலுட் புகும். அதனைத் தேடி உள்ளே விடப்படுவோர் யார்? பறையடித்துக் காட்டைக் கலைக்க வந்த சிற்றூரார். துரை யானைமேல் அம்பாரியில் இருப்பார்.

ஆகவே புலிக்கு அவர் வகுத்தது, குழிவில்லாத, கலப்பற்ற மென்மையான ஈயக் குண்டு. எடை 648 கிரெயின், ஏறக்குறைய 42 கிராம். குழலின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 577 பங்கு. இக்குண்டு புலியின் மெல்லுடலிற் புகுந்ததும் காளான் குடைபோல் விரிந்து, உள்ளுறுப்புகளைச் சிதைத்து, எதிர்ப்புறத்துத் தோலின் கீழே நின்றுவிடும். உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு தன் ஆற்றலிற் பாதியை அப்பாலுள்ள மண்ணுக்குக் கொடுத்துவிடுகின்றது என்பது அவர் கணக்கு. யானைக்கும் காட்டெருமைக்கும் காண்டாமிருகத்திற்குமோ இம்மென்குண்டு ஆகாது. வெள்ளீயம் முதலியன சேர்த்து வன்மையாக்கிய குண்டே எலும்பைப் பிளந்து வழி மாறாது செல்லும். ஒரே ஈயம் ஒரு விலங்கிற்கு மென்மையாகவும் மற்றொன்றிற்கு வன்மையாகவும் வேண்டப்படுதலை இவ்வளவு தெளிவாக எடுத்துக்கூறியவர் அவர் காலத்துச் சிலரே. 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த காட்டு விலங்குகளும் அவற்றின் இயல்புகளும் பற்றிய அவர் நூலில் இவையெல்லாம் விரிவாக உள்ளன. எம் கருத்தில், அவருடைய பயண நூல்களினும் இதுவே அவர் முதிர்ந்த அறிவின் பயன்.

அவர் நூல் வெளிவந்த பத்தாண்டுகளுக்குள் புகையில்லா மருந்தும், செம்பு நிக்கல் உறையிட்ட குண்டும் பரவி, நாலவுன்சுத் துப்பாக்கிகளைக் காட்சிச்சாலைப் பொருளாக்கின. கரமோசோ பெல் என்று வழங்கிய இசுக்காட்டுலாந்து வேட்டையர், 1954-இல் மறைந்தவர், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார்; அவற்றுட் பெரும்பாலானவை ஏழு மில்லிமீட்டர்ச் சிறு குழலின் 11 கிராம் வன்குண்டிற்கு வீழ்ந்தன. அவர் யானையின் மண்டையை வாளால் அறுத்துப் பார்த்து மூளையின் இடத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டவர். பேக்கருடைய பெருங் குண்டுக்கு இது மறுப்புப் போலத் தோன்றும். உண்மையில் அவர் ஆப்பிரிக்காவில் கற்ற பாடத்தின் தொடர்ச்சியே. ஆயினும் பெல்லைப் பின்பற்றலாமென்று அவர் கையும் கண்ணும் இல்லாதார் புறப்படுதல் தகாது என்று கருதியே, ஆப்பிரிக்க நாடுகள் சில பெருவிலங்கு வேட்டைக்குச் சிறு குழல்களைச் சட்டத்தால் விலக்கின. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இவ்வேட்டைக்கே இடமில்லை. பேக்கர் காசுகளைக் குண்டாக்கிய மின்னேரியாவும் இன்று தேசியப் பூங்கா. வறட்சிக் காலத்தில் நூற்றுக்கணக்கான யானைகள் அவ்வேரிக்கரையில் ஒன்றுகூடி மேய்வதைக் காண மக்கள் பல நாட்டினின்றும் வருகின்றனர்.

சர் சாமுவேல் பேக்கர் 1893-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள், தம் 72-ஆம் வயதில், தெவன் நாட்டு இல்லத்தில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அக்காலத்து ஆங்கிலேயர்க்கு அரிதாயிருந்த வழக்கப்படி அவர் உடல் எரியூட்டப்பெற்றது. சாம்பலை வூசுட்டர் நகரை அடுத்த கிரிம்லி என்னும் ஊரில் அடக்கம் செய்தனர். புளோரன்சு அம்மையார் அவ்வில்லத்திலேயே 1916-ஆம் ஆண்டு வரை வாழ்ந்திருந்தார்.